கேள்வி – பதில்: திரும்பத் திரும்பப் பிரளுகிற கால்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கணுக்காலைப் பற்றியவை. காலையில் ஓடுகிற ஆட்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கூடிவிட்டார்கள், சந்தோசம்தான், கூடவே கால் பிரண்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். எனவே முதுகுநோ, முழங்கால் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டுக் கணுக்காலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 31, கந்தோர் வேலை. உடம்பு வைக்கத் தொடங்கியதால் காலையில் ஓடுகிறேன், போட்டிக்கு ஒன்றும் இல்லை, சும்மா ஐந்தாறு கிலோமீற்றர். விடியமுதல் நாலேமுக்காலுக்கு வெளிக்கிட்டு, வருகிற வாகனம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று வலது கரையாலேயே கண்டி வீதியில் பரந்தன் பக்கம் ஓடித் திரும்புவேன். போன வருடம் பங்குனியில் வலது கால் பிரண்டது. பரியாரியாரிடம் எண்ணெய் போட்டு உருவினேன், இரண்டு கிழமையில் நோ போய்விட்டது. ஆவணியில் அதே கால். அந்தமுறை பாமசியில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மூன்று கிழமை ஓய்வு எடுத்தேன். தையில் மறுபடியும். மூன்று முறையும் பஸ் வரும்போது காபெற் வீதியிலிருந்து கரைக்கு இறங்கியபோதுதான் பிரண்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. இப்போது நோவும் இல்லை, வீக்கமும் இல்லை, ஆனால் அந்தக் காலை நம்பமுடியவில்லை, படி இறங்கும்போதே ஒருமாதிரி இருக்கிறது. அம்மா ஓட்டத்தை விடு என்கிறா. விடவா?
– கிளிநொச்சி வாசகர்

பதில்: விடவேண்டாம் தம்பி. அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் ஓட்டத்தை விட்டால் கால் திருந்திவிடாது, ஓடாமலே வயல் வரம்பிலோ கோயில் படியிலோ பிரளும். நீங்களே எழுதியிருக்கிறீர்களே, படியிலேயே ஒருமாதிரி இருக்கிறது என்று.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கண்ணில் பட்ட வரி "நோ போய்விட்டது, ஓடினேன்" என்பதுபோல வருகிற இடங்கள்தான். எங்களிடம் வருகிற அநேகமானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள், நோ போனால் கால் சுகம் என்று. நோ போவது முதல் கட்டம், அவ்வளவுதான். கால் உட்பக்கமாக மடங்கும்போது வெளிமொளிக்கு, அதாவது கணுக்காலின் வெளிப்பக்கம் முட்டிக்கொண்டிருக்கிற எலும்புக்கு, முன்னாலிருந்து பாதத்துக்குப் போகிற, எலும்பை எலும்போடு பிணைக்கிற ஒரு சிறிய நார்தான் முதலில் இழுபடும் அல்லது கிழியும், கணுக்காலின் வெளிப்பக்க நார்கள் மூன்றில் அதுதான் பலம் குறைந்தது. அது ஆறுவதற்குக் கிழமைக்கணக்கு இல்லை, மாதக்கணக்கு. ஆறினாலும் சிலருக்கு இழுபட்ட கொடிக்கயிறு மாதிரிக் கொஞ்சம் தொய்ந்தே நின்றுவிடும்.

ஆனால் தொய்வு மட்டும் காரணம் என்றால் நார் தொய்ந்த எல்லோருக்கும் கால் பிரளவேண்டும், அப்படி இல்லை. 1965இல் லண்டனில் மைக்கேல் பிறீமன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய சகாக்களும் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். அந்த நாரிலும் மூட்டைச் சுற்றியும் இருக்கிற நுண்ணிய நரம்பு முனைகள்தான் "பாதம் இப்போது இவ்வளவு சாய்ந்திருக்கிறது" என்று நொடிக்கு நொடி செய்தி அனுப்புகின்றன, நார் கிழியும்போது அவையும் கெட்டுப்போகின்றன, செய்தி பிந்துகிறது, காலை வெளிப்பக்கமாக இழுத்து நிமிர்த்தவேண்டிய தசை பிந்தி வேலை செய்கிறது, அதற்குள் கால் மடங்கிவிடுகிறது என்று. அதன்பிறகு இந்த விளக்கத்தில் எத்தனையோ திருத்தம் வந்துவிட்டது, இடுப்புத் தசை, மூளை என்றெல்லாம் இப்போது பேசுகிறார்கள், ஆனாலும் அவர்கள் சொன்ன வைத்தியம் இன்றைக்கும் நிற்கிறது: சமநிலைப் பயிற்சி. எண்ணெயும் செய்யாத, மாத்திரையும் செய்யாத, ஓய்வும் செய்யாத வேலை அது. நீங்கள் மூன்று தடவையும் செய்யாமல் விட்டதும் அதைத்தான்.

நெதர்லாந்தில் கால் பிரண்ட 522 விளையாட்டுக்காரரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. வழமையான சிகிச்சையோடு வீட்டிலேயே, பக்கத்தில் யாரும் நின்று பார்க்காமல், கிழமைக்கு மூன்று நாள், எட்டுக் கிழமை சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் ஒரு வருடத்துக்குள் மறுபடி பிரண்டது நூற்றுக்கு 22 பேருக்கு, செய்யாதவர்களில் 33 பேருக்கு. மந்திரம் இல்லை, பார்த்தீர்களா, செய்தவர்களிலும் 22 பேருக்குப் பிரண்டிருக்கிறது. ஆனால் செலவில்லாத ஒரு வேலைக்கு இது பெரிய லாபம்.

எப்படிச் செய்வது? சுவருக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு, வலது காலில் மட்டும் நில்லுங்கள், முழங்காலை விறைக்காமல் கொஞ்சம் மடக்கி. பல் தீட்டும்போதே நிற்கலாம். அரை நிமிடம் ஆடாமல் நிற்க முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், அப்போதுதான் விளங்கும் இந்தக் கால் இவ்வளவு நாளும் கண்ணை நம்பித்தான் நின்றிருக்கிறது என்று. இடது காலிலும் நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் சரிவந்தால் ஒரு சாக்கை நாலாக மடித்து அதன்மேல், பிறகு தலையணைமேல், பிறகு அப்படி நின்றுகொண்டே சுவரில் பந்து எறிந்து பிடிப்பது என்று கூட்டிக்கொண்டே போகலாம். கால் நடுங்கும், பாதத்தின் கரைகள் மாறி மாறி அழுத்தும், கணுக்காலைச் சுற்றி நரம்பு துடிக்கிற மாதிரி இருக்கும். அந்த நடுக்கம்தான் வேலை, நடுக்கம் இல்லாவிட்டால் பயிற்சி லேசாகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று, வெளிப்பக்கத் தசை. இதற்குக் கடையில் விற்கிற றப்பர் பட்டி தேவையில்லை, பழைய சைக்கிள் ரியூப்பை நீட்டாக வெட்டி மேசைக் காலில் கட்டி, மற்ற முனையை வளையமாக்கிப் பாதத்தின் முன்பாதியில் மாட்டுங்கள். மேசை உங்கள் இடது பக்கம் இருக்கவேண்டும். கதிரையில் இருந்துகொண்டு, குதிக்கால் நிலத்தில், முழங்கால் அசையாமல், பாதத்தை மட்டும் சின்னவிரல் பக்கமாக வெளியே இழுத்து, திரும்பி வரும்போது ரியூப் இழுத்துக்கொண்டு போக விடாமல் மெதுவாக விடுங்கள். அந்த மெதுவாக விடுவதுதான் முக்கியம், ஏனென்றால் கால் பிரளும் நேரத்தில் அந்தத் தசை செய்யவேண்டியதும் அதையேதான். அநேகமானவர்கள் முழங்காலையும் சேர்த்துச் சுழற்றிவிட்டு "நூறு அடித்தேன்" என்பார்கள், அதில் பத்தும் தேறாது. கூடவே ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்தி இறக்குவது. இரண்டு காலும் ஒரே அளவுக்குச் செய்யும்வரை அதை விடவேண்டாம்.

அப்புறம் சுவர்ச் சோதனை. சுவரைப் பார்த்து நின்று, குதி நிலத்திலிருந்து எழும்பாமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள், பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு எடுங்கள், தொட முடிகிற கடைசி இடத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். பத்து சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது, அதைவிட முக்கியம் இரண்டு காலும் ஒத்துவருகிறதா என்பது. வலது கால் குறைவாக இருந்தால் மூட்டு விறைத்திருக்கிறது, அந்த அசைவையே தினமும் மெதுவாகச் செய்யுங்கள்.

இனி உங்கள் ஓட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாதி விடை நீங்கள் ஓடுகிற இடத்தில் இருக்கிறது. வீதியை மழைநீர் ஓடவேண்டும் என்று நடுவில் உயர்த்திக் கரையில் சரித்துத்தான் போடுவார்கள். நீங்கள் போகும்போதும் வலது கரை, வரும்போதும் வலது கரை, அப்படியானால் ஓடுகிற நேரம் முழுக்க உங்கள் வலது பாதத்தின் வெளி ஓரம் பள்ளத்தில் இருக்கிறது, அதாவது பிரளுகிற பக்கத்துக்கு ஏற்கெனவே கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. பஸ் வந்ததும் கரைக்கு இறங்குகிறீர்கள், முதலில் இறங்குவது வலது கால், காபெற் முடிகிற விளிம்பில் ஒரு பள்ளம், கீழே உருளுகிற கிறவல் கல். இவ்வளவும் இருட்டில். சமநிலைக்குக் கண்ணும் உட்காதும் மூட்டும் மூன்றும் வேண்டும், உங்களுக்கு மூட்டுச் செய்தி ஏற்கெனவே பிந்துகிறது, இருட்டு கண்ணையும் பறித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? மூன்று முறையும் அந்த விளிம்பிலேயே பிரண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதற்காக இடது கரைக்கு மாறி வாகனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடாதீர்கள், கணுக்காலைவிட உயிர் பெரிது. கண்டி வீதியை விட்டுவிடுங்கள். வெளிச்சம் வந்தபிறகு உள்வீதி ஒன்றில், நடுவால் ஓடக்கூடிய இடமாகப் பார்த்து ஓடுங்கள், அல்லது மைதானத்தில், சுற்றும் திசையை மாற்றி மாற்றி. இரணைமடுக் குளக்கட்டு அழகான இடம்தான், காற்றும் நல்லது, ஆனால் கல்லும் பள்ளமும் உள்ள கட்டை முதல் மாதங்களில் நடக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சோளகக் காலத்தில் வெயில் ஏறமுதல் முடிக்கவேண்டும் என்கிற அவசரம் எனக்கும் தெரியும், அதற்காக அரைமணி நேரம் பிந்தினால் ஒன்றும் குடிமுழுகாது.

எப்போது ஓடத் தொடங்கலாம் என்று கேட்பீர்கள். திகதி சொல்லமாட்டேன். அரைமணி நேரம் வேகமாக நடந்து அன்றைக்கும் மறுநாளும் நோவோ வீக்கமோ வரக்கூடாது, ஒற்றைக் காலில் கண்மூடி நிற்பது இரண்டு பக்கமும் ஒத்துவரவேண்டும், ஒற்றைக் காலில் துள்ளி அதே காலில் ஆடாமல் இறங்க முடியவேண்டும், பக்கவாட்டுக்கும் துள்ளிப் பாருங்கள். இவ்வளவும் சரி என்றால் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஓடத் தொடங்கியபிறகும் பயிற்சியை நிறுத்தவேண்டாம், நிறுத்தினால் பழையபடிதான்.

பரியாரியாரிடம் போனதை நான் குறை சொல்லவில்லை, எங்கள் ஊரில் முறிவு நெரிவு பார்க்கிற கைகளில் நல்ல கைகள் உண்டு. ஆனால் முறிவு இல்லை என்று தெரியமுதல் உருவக்கூடாது, வீங்கியிருக்கிற முதல் இரண்டு மூன்று நாளில் சுடுஎண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் வீக்கம் கூடும். அந்த நாட்களில் பன்டேஜ் சுற்றி, காலை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணையில் உயர்த்தி வையுங்கள், நோவுக்கு ஐஸை ஒரு துவாயில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். அதற்காக ஆளைப் படுக்கையில் போடவும் தேவையில்லை, தாங்கக்கூடிய அளவுக்குக் காலை ஊன்றி நடக்கவேண்டும்.

மாத்திரை விசயம் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். பாமசியில் கேட்டவுடன் தருகிற டைக்ளோபெனாக், இபுபுரோபன் போன்றவை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், அதுவும் வியர்த்து ஓடித் தண்ணீர் குறைந்த உடம்பில். வவுனியா மாவட்டத்தில் காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய் எத்தனை குடும்பத்தைப் படுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியும். மாரியில் டெங்குக் காய்ச்சலோடு உடம்புநோவுக்கு இவற்றைப் போட்டால் இரத்தப்போக்கு வரை போகலாம். நோவுக்குப் பனடோல் போதும், அளவோடு. நோவை மறைக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது கூடவே கூடாது.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் பிரண்டுகொண்டே இருந்தால், அல்லது மூட்டுக்குள் ஆழமான நோ, பூட்டுப் போட்டதுபோல இறுகுவது, ஓடின பின்னேரமே வீங்குவது என்று இருந்தால் எலும்பு முறிவு நிபுணரைப் பாருங்கள். உள்ளே குருத்தெலும்பு அடிபட்டிருந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். நாரை இறுக்கித் தைக்கிற சத்திரசிகிச்சையும் உண்டு, நல்ல பலனும் உண்டு, ஆனால் அது கடைசிக் கதவு, அதற்குப் பிறகும் இந்த ஒற்றைக் கால் பயிற்சி இருக்கிறது, தப்பமுடியாது. அரச வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்புவார்கள், காசு தேவையில்லை. ஒருமுறை நேரில் யாராவது பார்த்துத் திருத்துவது நான் இவ்வளவு எழுதுவதைவிடப் பெறுமதியானது.

கேள்வி: நான் ஆசிரியை, பின்னேரங்களில் ஓடுவேன். இடது கால் இரண்டு முறை பிரண்டபிறகு அங்கிள் கார்ட் போட்டுக்கொண்டுதான் ஓடுகிறேன். அதைப் போட்டுப் பழகினால் கால் சோம்பேறியாகிப் பலமிழந்துவிடும் என்று தோழி சொல்கிறாள். நாள் முழுக்க வகுப்பில் நிற்கும்போதும் போடுகிறேன். அதோடு புதுச் சப்பாத்தும் வாங்கவேண்டும், உயரமான மெத்தைச் சோல் நல்லதா?
– வவுனியா வாசகி

பதில்: தோழி சொல்வது ஊரெல்லாம் சொல்வதுதான், ஆனால் ஓடும்போது போடுவதால் தசை பலமிழக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. சொல்லப்போனால் மேலே சொன்ன நெதர்லாந்துக் குழுவினர் 2014இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட, விளையாடும்போது சப்போர்ட் அணிந்தவர்களுக்குத்தான் பிரண்டது குறைவு. ஓடும்போது ஒரு வருடம் வரைக்கும் தாராளமாகப் போடுங்கள். பயிற்சியையும் செய்யுங்கள், ஏனென்றால் சப்போர்ட் கழற்றின நேரத்திலும் நீங்கள் அதே காலோடுதான் நடக்கப்போகிறீர்கள். வகுப்பில் நிற்கும்போது தேவையில்லை டீச்சர், கழற்றி வையுங்கள், புழுக்கத்தில் தோலும் அவியும்.

எந்த மாதிரி என்பதுதான் விசயம். காலுறை போல இழுத்துப் போடுகிற இலாஸ்ரிக் கார்ட் ஒரு சூட்டையும் ஒரு தைரியத்தையும் தரும், காலைத் தடுக்காது. லேஸ் கட்டி, மேலே பட்டி எட்டுப்போலச் சுற்றி ஒட்டுகிற வகைதான் பாதம் உட்பக்கம் மடங்குவதைத் தடுக்கும். சொக்ஸுக்கு மேல் போட்டு, ஓடுகிற சப்பாத்தையும் கொண்டுபோய்க் கடையிலேயே கொழுவிப் பாருங்கள், சப்பாத்துக்குள் இடம் காணாமல் போனால் விரல் நசியும். பிளாஸ்ரர் சுற்றுகிறவர்களும் உண்டு, ஆனால் எங்கள் வெயிலில் வியர்த்து அரைமணியில் இளகிவிடும்.

மெத்தைச் சோல் வேண்டாம். உயரமும் மென்மையும் கூடக்கூடக் கால் தரையை உணருவது குறையும், சாய்ந்தால் சாய்வும் கூடும். சமதளக் காபெற்றில் மட்டும் ஓடுகிறவருக்குப் பரவாயில்லை, குளக்கட்டிலும் ஒழுங்கையிலும் ஓடுகிறவருக்கு உதவாது. கட்டையான, அகலமான, குதிப்பகுதி இறுக்கமான சப்பாத்தாக எடுங்கள். பழைய சப்பாத்தை மேசையில் வைத்துப் பின்னால் நின்று பாருங்கள், வெளிப்பக்கமாகச் சரிந்து நின்றால் அதை இனிச் சந்தைக்கு மட்டும் போடுங்கள். பெயர் பெரிய கம்பனியின் போலிகள் பாதி விலைக்கு வருகின்றன, பார்க்க அசல் மாதிரித்தான், உள்ளே பஞ்சு.

கேள்வி: 2009இல் ஷெல் காயம். இடது முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பீஸ் இன்னும் உள்ளே இருக்கிறது, எடுக்கத் தேவையில்லை என்று அப்போது சொன்னார்கள். நடக்கிறேன், சைக்கிள் ஓடுகிறேன், வேலை செய்கிறேன். சீனி கூடியிருக்கிறது என்று டொக்டர் ஓடச் சொன்னார், இரண்டு மாதமாக மெதுவாக ஓடுகிறேன். இடது கால் அடிக்கடி பிரளுகிறது, பெருவிரல் தட்டுப்பட்டு விழவும் பார்க்கிறேன். வயது 42. என்ன பயிற்சி செய்யலாம்?
– புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: அண்ணை, பயிற்சி பிறகு. முதலில் இதைச் செய்து பாருங்கள்: கதிரையில் இருந்து குதியை நிலத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பாதத்தின் முன்பக்கத்தையும் சேர்த்து மேலே தூக்குங்கள், பிறகு பெருவிரலை மட்டும் தூக்குங்கள், பிறகு பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். இடது கால் பிந்துகிறதா, கீழே நிற்கிறதா? காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்பக்கமும் தொட்டால் மரத்தமாதிரி இருக்கிறதா?

நான் ஏன் கேட்கிறேன் என்றால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், தோலுக்கு மிகக் கிட்டவாக ஒரு நரம்பு எலும்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. பாதத்தைத் தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் அந்த நரம்பின் வேலை. நீங்கள் சொல்கிற இடத்தில்தான் அது இருக்கிறது. அது அடிபட்டிருந்தால் உங்களுக்குக் கால் பிரளுவது நார் தொய்ந்ததால் இல்லை, நிமிர்த்துகிற தசைக்குக் கட்டளை போகாததால். விரல் தட்டுப்படுவதும் அதையே சொல்கிறது. சீனி நாட்பட்டால் கால் நரம்பு தனியாகவும் கெடும், ஆனால் அது வழமையாக இரண்டு பாதத்திலும் விரல் நுனியிலிருந்து தொடங்கும், உங்களுக்கு ஒரு கால் மட்டும் என்பதால் காயத்தின் பக்கம்தான் என் சந்தேகம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

எனவே ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்திவிட்டு வைத்தியசாலையில் நரம்பைச் சோதிக்கக் கேளுங்கள். சீனிக்கு ஓட்டம்தான் வேண்டும் என்று இல்லை, உங்களுக்குச் சைக்கிள் இருக்கிறதே, அதையே வேகமாக, தினமும் அரைமணி ஓடுங்கள், பாதம் பிரளுகிற கதையே இல்லை. தூக்குகிற தசை பலவீனம் என்று உறுதியானால் சப்பாத்துக்குள் வைக்கிற ஒரு பிளாஸ்ரிக் தாங்கி தருவார்கள், பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும், அதோடு நடப்பது வேறு மாதிரி இருக்கும்.

இதை மட்டும் மறக்கவேண்டாம்: யாராவது எம்.ஆர்.ஐ ஸ்கான் எடுக்கச் சொன்னால் உள்ளே இரும்புத்துண்டு இருக்கிறது என்று முதலே சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். அந்த இயந்திரம் பலமான காந்தம். ஷெல் பீஸ் அதற்குள் அசையலாம், சூடாகலாம். எங்கள் பக்கத்தில் உடம்பில் பீஸோடு வாழ்கிறவர்கள் எத்தனையோ பேர், பழகிப்போய்ச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பழகும்போது கால் பிரண்டு வீங்கியிருக்கிறது. போன வருடமும் இதே கால். நொண்டி நொண்டி இரண்டடிதான் வைக்கிறாள். போட்டிக்கு நாலு நாள் இருக்கிறது, இறுக்கிப் பன்டேஜ் கட்டிக்கொண்டு ஓடலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், பிள்ளையும் ஓடத்தான் நிற்கிறாள்.
– மாங்குளத்திலிருந்து ஒரு தாய்

பதில்: ஓடவிடவேண்டாம். இந்தக் கடிதம் அச்சில் வரும்போது போட்டி முடிந்திருக்கும், அதனால் உங்களுக்கு ஏற்கெனவே கடிதத்தில் பதில் அனுப்பிவிட்டேன், மற்றத் தாய்மாருக்காக இங்கே எழுதுகிறேன்.

கனடாவின் ஒட்டாவாவில் 1992இல் டொக்டர்மார் வகுத்த ஓர் எளிய விதி இருக்கிறது, இப்போது உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள். பிரண்டவுடனும் வைத்தியசாலைக்கு வந்தபின்னும் நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. நொண்டி நடந்தாலும் அது நடைதான், ஆனால் இரண்டடிக்கு மேல் போக முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. உள்மொளியிலோ வெளிமொளியிலோ எலும்பின் நுனியை அல்லது பின்விளிம்பை விரலால் அழுத்தும்போது துடித்தால் எக்ஸ்ரே. பாதத்தின் வெளிக்கரையில், சின்னவிரலிலிருந்து பின்னுக்குத் தடவிக்கொண்டு வந்தால் நடுவில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டிருக்கும், அங்கே துடித்தாலும், பாதத்தின் உட்பக்க மேட்டில் துடித்தாலும் எக்ஸ்ரே. இவை ஒன்றும் இல்லை என்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வளருகிற பிள்ளைகளில் இன்னொரு கவனம் வேண்டும். எலும்பின் நுனிக்குச் சற்று மேலே வளர்ச்சித் தட்டு என்று மென்மையான ஒரு பகுதி இருக்கிறது, பிள்ளைகளில் சிலநேரம் நாருக்குப் பதிலாக அதுவே அடிபடும், எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாமலும் போகும். ஆகவே எலும்பின்மேல் துடிக்கிறது என்று பிள்ளை சொன்னால் "முறிவில்லை என்றுதானே சொன்னார்கள்" என்று விட்டுவிடாமல் மறுபடி காட்டுங்கள். பன்டேஜ் வீக்கத்தைக் கட்டுப்படுத்தும், பிரளுவதைத் தடுக்காது, இறுக்கிக் கட்டினால் விரல் நீலம் பாரிக்கும். பீ.ரீ மாஸ்ரர்மாரோடு எனக்குச் சண்டை இல்லை, இல்லத்துக்குப் புள்ளி வேண்டும் என்கிற அவசரம் விளங்குகிறது, ஆனால் பழக்கத்தின் தொடக்கத்தில் ஒற்றைக் காலில் நிற்பதற்கும் துள்ளி இறங்குவதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால் மாசிமாதத்தில் நொண்டுகிற பிள்ளைகள் குறைவார்கள்.

கேள்வி: கடற்கரை மணலில் ஓடினால் கணுக்கால் பலமாகும் என்கிறார்களே, உண்மையா? கால் பிரண்டு ஒரு மாதம்.
– முல்லைத்தீவு வாசகர்

பதில்: காய்ந்த பொருபொரு மணலில் நடப்பது நல்ல பயிற்சி, ஓடுவது இப்போதைக்கு இல்லை. அலை நனைத்த ஈர மணல் இறுக்கமாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், கடல் பக்கக் காலின் வெளிப்பக்கம் பள்ளத்தில் நிற்கும், எனவே போன தூரம் அதே தூரம் திரும்பி வாருங்கள், பிரண்ட கால் கடல் பக்கம் வருகிற திசையில் நடந்துகொண்டும் மற்றத் திசையில் மெதுவாக ஓடிக்கொண்டும். வலை இழுக்கிற நேரம் கயிறு கிடக்கும், நண்டு வளையும் இருக்கும், வெளிச்சத்தில் போங்கள்.